கேம் மாற்றிய 5.3 வோர்டெக் இன்ஜின்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

செவ்ரோலெட் சில்வராடோ, டாஹோ, ஜிஎம்சி சியரா வண்டிகளில் 1999 முதல் 2007 வரை வந்த 5.3 லிட்டர் வி8 வோர்டெக் இன்ஜினுக்கு ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வைத்த குறியீடு எல்எம்7. அமெரிக்காவில் வண்டி உடைக்கும் யார்டுகளில் இது தாராளமாகக் கிடைக்கும். அடிப்பாகம் உறுதியானது, பாகங்களும் மலிவு. அதனால் குறைந்த செலவில் பவர் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது இதன் கேம்ஷாஃப்ட்டில்தான், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டில்; சுருக்கமாகக் கேம். மாற்றிய பிறகு வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் கேமின் குற்றம் இல்லை. கேமை முதலில் வாங்கிவிட்டு, மிஞ்சிய காசுக்கு வால்வு ஸ்ப்ரிங் (வால்வை மூடி வைக்கும் சுருள்) தேடியதால் வருபவை அவை. எந்த ஸ்ப்ரிங்குக்கும் எந்த டார்க் கன்வெர்ட்டருக்கும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு இன்ஜினின் சக்தியைக் கடத்தும் பாகம்) கையில் பணம் இருக்கிறது என்று பார்த்து, அதற்குள் அடங்கும் கேமை எடுப்பதுதான் சரியான வரிசை.

கீழே உள்ளவை எல்எம்7-க்கு எழுதியவை. 4.8 லிட்டருக்கும் 6.0 லிட்டருக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அவற்றில் சிலவற்றின் பிஸ்டன் தலை தட்டையாக இருக்கும், எல்எம்7-இல் குழிவாக இருக்கும். தட்டைப் பிஸ்டனில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இடம் குறைவு. அங்கே களிமண் வைத்து அளந்து, இன்டேக் பக்கம் 0.080 அங்குலமும் எக்ஸாஸ்ட் பக்கம் 0.100 அங்குலமும் இருப்பதை உறுதி செய்யாமல் பெரிய கேம் போடாதீர்கள்.

தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டிய எண்கள்

கேமோடு வரும் அட்டையில் டியூரேஷன் (கிராங்க் சுழற்சியில் வால்வு திறந்திருக்கும் டிகிரி), லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்), எல்எஸ்ஏ (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்புகளின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள கோணம்; லோப் என்பது கேமின் முட்டை வடிவப் புடைப்பு) மூன்றும் இருக்கும். 0.050 அங்குலத் தூக்கலில் அளந்த டியூரேஷனையே ஒப்பிடுங்கள். விளம்பர டியூரேஷனைக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரி அளப்பார்கள். எல்எம்7-இன் சொந்தக் கேம் (கம்பெனியில் வந்தது) ஏறக்குறைய 190/191 டிகிரி (இன்டேக்/எக்ஸாஸ்ட்), 0.457/0.466 அங்குலம், எல்எஸ்ஏ 114. சொந்த ஸ்ப்ரிங், 1.800 அங்குல உயரத்தில் வால்வு மூடியிருக்கும்போது 76 பவுண்டும், 1.320-க்கு அமுங்கும்போது 220 பவுண்டும் தாங்க வேண்டும் என்பது ஜிஎம் அளவு. புதிதில் உள்ள அளவு அது. இரண்டு லட்சம் மைல் ஓடிய ஸ்ப்ரிங் அதைத் தொடாது.

இன்னொரு எண்ணை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். இன்டேக், எக்ஸாஸ்ட் டியூரேஷன்களைக் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து எல்எஸ்ஏ-வின் இரு மடங்கைக் கழித்தால் ஓவர்லேப் கிடைக்கும், அதாவது இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் டிகிரி. சொந்தக் கேமுக்கு மைனஸ் 37.5. 2002 முதல் 2004 வரை கார்வெட் இசட்06-இல் வந்த எல்எஸ்6 கேம் 204/218, 117.5. அதற்கு மைனஸ் 24. ஜிஎம் விற்ற ஹாட் கேம் 219/228, 112. அதற்குக் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். சத்தத்துக்காகவே விற்கப்படும் 228/230, 112 ரகத்துக்கு பிளஸ் 5. கீழே வரும் பல அறிகுறிகளுக்கு விடை இந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது.

ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது இன்டேக் வழியே வெடிக்கிறது

முதலில் கம்ப்ரெஷன் பாருங்கள். த்ராட்டிலை முழுக்கத் திறந்து, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பேட்டரி முழு சார்ஜில் இருக்கச் சுற்றுங்கள். ஜிஎம் விதிப்படி எந்தச் சிலிண்டரும் 100 பிஎஸ்ஐ-க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) கீழே போகக் கூடாது. மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் 70 சதவீதமாவது இருக்க வேண்டும். எட்டும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் டைமிங் செயின் பல் தள்ளிப் பொருந்தியிருக்கிறது. கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளி மேலே பன்னிரண்டு மணியிலும், கேம் பல்சக்கரத்தின் புள்ளி கீழே ஆறு மணியிலும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். கவரை மூடும் முன் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றி மறுபடி பாருங்கள். எங்கேயாவது கடினமாகத் தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். பிரேக்கர் பாரை இழுத்துத் தாண்ட வைத்தால் வால்வு வளையும்.

கம்ப்ரெஷன் நன்றாக இருந்து, வெகுநேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது, ஸ்கேனரில் பி0340 அல்லது பி0341 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வருகிறது என்றால் கேம் சென்சார் பக்கம் போங்கள். 1999–2007 தலைமுறையில் அந்தச் சென்சார் பிளாக்கின் பின்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் உட்காரும். அது படிப்பது கேமின் பின்முனையில் உள்ள வளையத்தை. அடுத்த தலைமுறையில் சென்சார் முன் கவருக்கு வந்துவிட்டது, கேம் பல்சக்கரமும் மாறியது. பலவற்றில் மூன்று போல்ட்டுக்குப் பதில் ஒரே போல்ட். மலிவாகக் கிடைத்த கேம் எந்தத் தலைமுறைக்கு உரியது என்று கேட்காமல் வாங்கினால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். கேமை உருவும் முன் சென்சாரைக் கழற்றிவிடுவதும் அவசியம். விட்டுவிட்டு இழுத்தால் அதன் முனை சேதமாகும்.

ஐட்லிங்கில் குலுங்குகிறது, சிக்னலில் அணைந்துவிடுகிறது

ஓவர்லேப் மைனஸ் 20-க்குக் கீழே உள்ள கேமில் இப்படி நடந்தால் கேமைக் குறை சொல்ல வேண்டாம். காற்று கசிகிறதா என்று தேடுங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டிய கேமில் இது எதிர்பார்க்க வேண்டியதே. கம்ப்யூட்டருக்குப் புது ட்யூன் போடாமல் வண்டி நிற்காது.

இதைப் பிரித்தறிய ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற எண்) பாருங்கள். ஐட்லிங்கில் பிளஸ் 15, 20 என்று நின்று, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, மெய்யான கசிவு: பிசிவி குழாய் (இன்ஜின் உள்ளே சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோவது), பிரேக் பூஸ்டர் குழாய், மேனிஃபோல்டைக் கழற்றியிருந்தால் அதன் கேஸ்கெட். இன்னொன்று, ஓவர்லேப் செய்யும் ஏமாற்று. இரண்டு வால்வும் திறந்திருக்கும் நேரத்தில் எரியாத காற்று நேரே எக்ஸாஸ்ட்டுக்குப் போகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்று நினைக்கிறது, கம்ப்யூட்டர் பெட்ரோலை ஏற்றுகிறது, பிளக் கறுக்கிறது. ட்ரிம் எண் பிளஸ்ஸில் இருந்தும் பிளக் கறுப்பாக இருந்தால் இரண்டாவதுதான். பிளக் வெளுத்திருந்தால் கசிவு. புகை விட்டுப் பார்க்கும் மெஷின் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும். ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பவர்கள் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு சொட்டும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தீப்பிடிக்கும்.

ட்யூனில் செய்ய வேண்டியது ஐட்லிங் ஆர்பிஎம்மை மட்டும் ஏற்றுவது அல்ல. அதை 650–750-க்குக் கொண்டுவந்தபின், அந்த வேகத்தில் நிற்கத் தேவையான அடிப்படைக் காற்றளவு, விஇ டேபிளின் (சிலிண்டரில் எவ்வளவு காற்று நிரம்பும் என்ற அட்டவணை) கீழ்ப்பகுதி, ஐட்லிங் ஸ்பார்க் மூன்றும் திருத்தப்பட வேண்டும். காற்றளவைத் திருத்தாமல் வேகத்தை மட்டும் ஏற்றினால், கால் எடுத்ததும் முள் கீழே விழுந்து மேலே எழுந்து ஊஞ்சலாடும். ஹெச்பி ட்யூனர்ஸ் போன்ற மென்பொருளில் இது தெரிந்தவருக்கு ஓரிரு மணி நேர வேலை. பட்ஜெட் போடும்போதே இந்தச் செலவை ஒதுக்கி வையுங்கள். ட்யூனுக்குக் காசில்லை என்றால் கேம் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை.

பி0300 கோடு (மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிதல் தவறுவது) ஐட்லிங்கில் மட்டும் வந்து, ஓட்டத்தில் வராமல், எட்டு பிளக்கும் ஒரே நிறத்தில் இருந்தால் அது பொய் மிஸ்ஃபயர். கிராங்க் சுழலும் சீரின்மையைக் கம்ப்யூட்டர் மிஸ்ஃபயர் என்று படிக்கிறது. ஓட்டத்திலும் வந்தால் கோடை மறைக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

பிரேக் பெடல் கடினமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓவர்லேப் கூடினால் வேக்குவம் குறையும், வேக்குவம் குறைந்தால் பூஸ்டர் உதவாது. மேப் சென்சாரில் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) சொந்தக் கேம் ஐட்லிங்கில் 35 கேபிஏ (கிலோபாஸ்கல்) அளவில் நிற்கும். 55-ஐத் தாண்டினால் இரண்டாவது அழுத்தத்திலேயே பெடல் இறுகலாம். ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அப்படிப்பட்ட கேமே வேண்டாம்.

கீழே இழுவை போய்விட்டது, மேலே மட்டும் ஓடுகிறது

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. வண்டி 5,000 பவுண்டு எடை, கியர்பாக்ஸ் 4எல்60ஈ ஆட்டோமேட்டிக், கன்வெர்ட்டர் கம்பெனியில் வந்தது. அதில் 228 டிகிரி கேமைப் போட்டுவிட்டு சிக்னலில் காலை வைத்தால் முன்பிருந்த பிக்கப்பும் இருக்காது.

காரணம் இன்டேக் வால்வு மூடும் நேரம். டியூரேஷனில் பாதியோடு இன்டேக் சென்டர்லைனை (இன்டேக் வால்வு முழுக்கத் திறக்கும் டிகிரி) கூட்டி 180-ஐக் கழித்தால், பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி எத்தனை டிகிரிக்குப் பிறகு வால்வு மூடுகிறது என்று கிடைக்கும். 190 டிகிரி கேமின் சென்டர்லைன் 114 என்று கொண்டால் 29. 212 டிகிரி, 109 என்றால் 35. 228 டிகிரி, 110 என்றால் 44. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருந்தால், மெதுவான ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்றே திரும்ப வெளியே தள்ளப்படும். வேகம் கூடினால் காற்றின் உந்துதல் அதைத் தடுக்கும். அதனால்தான் அதே கேம் 4,000-க்கு மேல் நன்றாக இழுக்கிறது.

சொந்தக் கன்வெர்ட்டரை வைத்துக்கொள்வதானால் இன்டேக் டியூரேஷனை 205–212-க்குள் நிறுத்துங்கள். 3.42 பல்விகித ஆக்ஸில் இருந்தால் கீழ் எல்லை, 3.73 அல்லது 4.10 இருந்தால் மேல் எல்லை. அதற்கு மேல் போக ஆசைப்பட்டால் ஸ்டால் வேகம் (பிரேக் பிடித்து வண்டி நிற்கையில் இன்ஜின் ஏறக்கூடிய ஆர்பிஎம்) 2,400 அல்லது அதற்கு மேல் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். ஆனால் எடை இழுக்கும் வண்டியில் அந்தக் கன்வெர்ட்டர் ஆயிலைச் சூடாக்கும், கூலரும் சேர்த்துக் கணக்கில் வரும். எல்எஸ்6 கேம் இவ்வளவு காலம் மலிவு ரகத்தில் மதிப்போடு இருக்கக் காரணம் இதுதான். இன்டேக்கில் 204 டிகிரி மட்டும், லிஃப்ட் தாராளம், எல்எஸ்ஏ அகலம். சொந்தக் கன்வெர்ட்டரோடு சண்டை போடாது. ஐட்லிங்கில் உறுமல் சத்தம் வராது, அதை விரும்பி வாங்குபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இழுவையா சத்தமா என்று முடிவு செய்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, கன்வெர்ட்டருக்குக் காசில்லை என்றால், அட்ஜஸ்ட் செய்யக்கூடிய கேம் பல்சக்கரத்தால் கேமை 2 முதல் 4 டிகிரி முன்னே தள்ளலாம். இழுவை கொஞ்சம் கீழே இறங்கி வரும். இன்டேக் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கும் என்பதால் இடைவெளியை மறுபடி அளக்காமல் செய்யக் கூடாது.

5,500-ஐத் தாண்டினால் தடுமாறுகிறது

முள் ஏறுகிறது, திடீரென்று பவர் விழுகிறது, பட்பட்டென்று வெடிப்பு, காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது. பெட்ரோல் பிரஷரும் ரெவ் லிமிட்டரும் நன்றாக இருந்தால் இது வால்வு ஃப்ளோட். கேம் லோப் இறங்கும் வேகத்துக்கு ஸ்ப்ரிங்கால் வால்வைத் திருப்பி இழுக்க முடியவில்லை. வால்வு சீட்டில் உட்காராமல் துள்ளுகிறது. அந்த இடைவெளியை ஹைட்ராலிக் லிஃப்டர் (கேம் லோப்பின் மேல் உருண்டு ஏறி இறங்கும் பாகம்) எண்ணெயால் நிரப்பிக்கொள்கிறது, அடுத்த சுற்றில் வால்வு முழுக்க மூட முடியாமல் தொங்குகிறது. இதோடு தொடர்ந்து ஓட்டினால் புஷ்ராட் (லிஃப்டரின் அசைவை ராக்கர் என்ற நெம்புகோலுக்குக் கடத்தும் கம்பி) வளையும், லாக் (வால்வுத் தண்டைப் பிடிக்கும் சிறு ஆப்பு) நழுவும், வால்வு சிலிண்டருக்குள் விழும். வால்வு விழுந்தால் இன்ஜின் முடிந்தது. ஸ்ப்ரிங்கில் மிச்சம் பிடித்த காசு ஒன்றுமே இல்லை.

எந்த ஸ்ப்ரிங் எதுவரை என்பதைத் தெளிவாகச் சொல்கிறோம். சொந்த ஸ்ப்ரிங்குக்கு 0.500 அங்குல லிஃப்ட்டே கடைசி எல்லை. ஓடிய ஸ்ப்ரிங் என்றால் எந்தப் புதுக் கேமுக்கும் அதை வைக்காதீர்கள். அடுத்தது எல்எஸ்6 ஸ்ப்ரிங். மூடியிருக்கும்போது 90 பவுண்டு, 0.550 வரை, சொந்த ரிட்டெய்னரும் (ஸ்ப்ரிங்கின் மேல் உட்காரும் மூடி) லாக்கும் அப்படியே பொருந்தும். எல்எஸ்6 கேமுக்கும் ஹாட் கேமுக்கும் இது போதும். மூன்றாவது, மேலே குறுகிக் கீழே அகன்ற பீஹைவ் வடிவத்தில் பிஏசி 1218 ரகம். 1.800 உயரத்தில் சுமார் 130 பவுண்டு, 0.600 வரை. அதுவும் சொந்த ரிட்டெய்னரில் உட்காரும். எங்கள் தீர்ப்பு: கேம் எவ்வளவு சிறியதானாலும், பணம் அனுமதித்தால் இந்த மூன்றாவது ரகத்தையே போடுங்கள். பின்னாளில் கேம் மாறினாலும் ஸ்ப்ரிங் மாற வேண்டியிருக்காது. இரட்டை ஸ்ப்ரிங், ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பாதுகாப்பானது. ஆனால் அதற்குத் தனி சீட், தனி சீல், தனி ரிட்டெய்னர் வேண்டும், செலவு ஏறும்.

அளவுக்கு மீறிய ஸ்ப்ரிங்கும் தவறுதான். திறந்த நிலைச் சுமையை இப்படிக் கணக்கிடலாம்: மூடிய நிலைச் சுமையோடு, ஸ்ப்ரிங் ரேட்டை (ஓர் அங்குலம் அமுக்கத் தேவைப்படும் பவுண்டு) லிஃப்ட்டால் பெருக்கிக் கூட்டுங்கள். 130 பவுண்டு, ரேட் அங்குலத்துக்கு 310, லிஃப்ட் 0.550 என்றால் 300 பவுண்டு. சொந்த லிஃப்டருக்கு இது வசதியான சுமை, சொந்தப் புஷ்ராடும் தாங்கும். 400-ஐத் தாண்டும் மலிவு இரட்டை ஸ்ப்ரிங்கை ஓடிய லிஃப்டரின் மேல் வைத்தால் அதன் உருளைக்குள் இருக்கும் ஊசி பேரிங் நொறுங்கும், மெல்லிய சொந்தப் புஷ்ராட் வளையும். சுமை 300-ஐத் தொடும்போதே 0.080 அங்குலச் சுவர் கொண்ட குரோமோலி புஷ்ராட் வாங்கிவிடுவது நல்லது. விலை அதிகமில்லை.

லிஃப்ட் ஒரே மாதிரி இருந்தும் ஒரு கேம் ஃப்ளோட் ஆகும், இன்னொன்று ஆகாது. லோப் எவ்வளவு செங்குத்து என்பதே வித்தியாசம். 0.006 அங்குலத்தில் அளந்த டியூரேஷனிலிருந்து 0.050-இல் அளந்ததைக் கழியுங்கள். 60-ஐ ஒட்டி இருந்தால் மென்மையான லோப். 50-ஐ ஒட்டினால் முரட்டு லோப். முரட்டு லோப்புக்கு எல்எஸ்6 ஸ்ப்ரிங் தாங்காது, லிஃப்ட் 0.550-க்குள் இருந்தாலும்.

இன்னொரு காரணம் காயில் பைண்ட், ஸ்ப்ரிங்கின் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு இரும்புக் குழாய் போல இறுகிவிடுவது. பொருத்திய உயரத்திலிருந்து லிஃப்டையும், ஸ்ப்ரிங் அட்டையில் உள்ள பைண்ட் உயரத்தையும் கழித்தால் குறைந்தது 0.060 அங்குலம் மிஞ்ச வேண்டும். உயரம் 1.800, லிஃப்ட் 0.585, பைண்ட் 1.140 என்றால் மிச்சம் 0.075, சரி. அதே ஸ்ப்ரிங்கின் கீழே 0.030 ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்தால் மிச்சம் 0.045, தவறு. 1.800 என்று நம்பிவிடாமல் உயரமானியால் அளங்கள். வால்வு சீட் பலமுறை வெட்டப்பட்ட ஹெட்டில் வால்வு உள்ளே இறங்கி, ஸ்ப்ரிங் உயரம் கூடியிருக்கும். சுமை குறைந்துவிடும். 310 ரேட்டில் 0.030 ஷிம் 9 பவுண்டை மீட்டுத் தரும். கடைசியாக ரிட்டெய்னரின் அடிக்கும் சீலின் தலைக்கும் இடையே, முழு லிஃப்ட் போக இன்னும் 0.050 இருக்க வேண்டும்.

பெயர் தெரியாத ஸ்ப்ரிங்கை வாங்கியிருந்தால் போடும் முன் பதினாறையும் டெஸ்டரில் வைத்து 1.800-இல் அளந்து எழுதுங்கள். அட்டை சொல்வதிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் தாழ்ந்தது எதுவும் உள்ளே போகக் கூடாது. டெஸ்டர் இல்லையென்றால் பக்கத்தில் உள்ள மெஷின் ஷாப்பில் செய்து தருவார்கள்.

டர்போ போடத் திட்டமிருப்பவர் கவனிக்க ஒன்று. இந்த ஹெட்டின் இன்டேக் வால்வு 1.89 அங்குலம், பரப்பு 2.8 சதுர அங்குலம். 10 பிஎஸ்ஐ பூஸ்ட் அந்த வால்வின் முதுகில் 28 பவுண்டு தள்ளுகிறது. 76 பவுண்டு ஸ்ப்ரிங்கில் மிஞ்சுவது 48. சொந்தக் கேமோடு டர்போ போட்டாலும் ஸ்ப்ரிங்கை மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஹெட்டைக் கழற்றாமலே ஸ்ப்ரிங் மாற்றலாம். இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-8-7-2-6-5-4-3. அதனால் 1-ம் 6-ம் ஒன்றாக மேல்முனைக்கு வரும். அடுத்த 90 டிகிரியில் 8-ம் 5-ம், பிறகு 7-ம் 4-ம், பிறகு 2-ம் 3-ம். நான்கே நிறுத்தத்தில் பதினாறும் முடியும். பிஸ்டன் மேலே இருப்பதால் வால்வு கொஞ்சம் இறங்கி அதன் மேல் நிற்கும், உள்ளே விழாது. கிராங்க் நகராதபடி பிடித்துக்கொள்ளுங்கள். லாக் இரண்டும் உட்கார்ந்ததும் வால்வின் தலையில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். சரியாகப் பிடிக்காத லாக் அப்போதே தெறித்துவிடும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

வால்வு கவர் திறந்திருக்கும்போதே ஹெட்டில் காஸ்டெக் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 706 எண் போட்ட ஹெட்டுகளில் அந்த வார்ப்படத்தைச் சேர்ந்த சில, உள்ளே விரிசல் விட்டுக் கூலன்டை எண்ணெயில் கலக்கும். வெளியே சொட்டாமல் கூலன்ட் குறைகிறது என்றால் புது ஸ்ப்ரிங்கை அந்த ஹெட்டில் போடுவது வீண் செலவு.

டிக் டிக் என்று டேப்பட் சத்தம்

முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். இந்த டிரக்குகளில் பின் மூலையில் உள்ள போல்ட் உடைவது சகஜம். குளிரில் டிக் சத்தம் வந்து, சூடேறி இரும்பு விரிந்ததும் அடங்கினால் அதுதான். கேமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சூடான பிறகும் எல்லாச் சிலிண்டரிலும் கேட்டால் புஷ்ராட் நீளம். சொந்த நீளம் 7.400 அங்குலத்தை ஒட்டியது. வெளிக் கேம்களில் லோப்பின் அடிவட்டம் சிறியதாக அரைக்கப்பட்டிருந்தால் லிஃப்டர் கீழே இறங்கும், அதே புஷ்ராட் போதாது. சோதிக்க, அந்தச் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் மேல்முனையில் நிறுத்துங்கள். ராக்கர் போல்ட்டைக் கையால் இறுக்கி, புஷ்ராடின் மேல்-கீழ் ஆட்டம் நின்ற இடத்திலிருந்து 22 பவுண்டு-அடி வரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். போல்ட் 8 மில்லிமீட்டர், மரை 1.25. ராக்கர் விகிதம் 1.7. ஆக ஒரு முழுச் சுற்று லிஃப்டரை 0.078 அங்குலம் அமுக்கும். முக்கால் முதல் ஒரு சுற்று நல்ல இடம். கால் சுற்றிலேயே இறுகிவிட்டால் 0.050 நீளமான புஷ்ராட் வாங்குங்கள். இரண்டு சுற்று போனால் நீளம் அதிகம், வால்வு முழுக்க மூடாமல் போகலாம்.

ஒரே இடத்தில் கேட்டால் ஸ்டெதாஸ்கோப்பால் ராக்கரைத் தேடுங்கள். ராக்கரின் நடு அச்சில் உள்ள ஊசி பேரிங்குகள் உதிர்ந்து எண்ணெயில் கிடப்பதுண்டு. அதுவும் நன்றாக இருந்தால் ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இருந்தால் லிஃப்டர் உருளையும் கேம் லோப்பும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன. இன்ஜினை உடனே நிறுத்துங்கள். லிஃப்டர் மாற்ற ஹெட் இரண்டும் இறங்கியாக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. இறங்கும்போது லிஃப்டர் திரும்பாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டுகள் நான்கையும் மாற்றிவிடுங்கள்.

அந்தத் தட்டுகள் தேய்ந்த இன்ஜினில் ஹெட்டைக் கழற்றாமல் கேமை உருவுவதும் ஆபத்து. ராக்கர்களைக் கழற்றியபின் கேமை இரண்டு சுற்று சுற்றினால் லிஃப்டர்கள் மேலே தட்டில் மாட்டி நிற்கும். தேய்ந்த தட்டு பிடிக்காது, ஒரு லிஃப்டர் நழுவினால் அது ஆயில் சம்ப்புக்குப் போய்விடும். முன்பக்கத் துளைகள் வழியே 5/16 அங்குலக் கம்பி இரண்டைச் செருகி லிஃப்டர்களுக்கு அடியில் தாங்கல் கொடுத்துவிட்டே கேமை இழுங்கள்.

2007-க்குப் பிந்தைய பல 5.3 இன்ஜின்களில் நான்கு சிலிண்டரை அணைத்து ஓடும் ஏஎஃப்எம் ஏற்பாடு உண்டு. 1, 4, 6, 7 சிலிண்டர்களின் லிஃப்டர்கள் வேறு வகை, அந்த லோப்புகளும் வேறு. அதில் சாதாரணக் கேமை மட்டும் மாற்ற முடியாது. லிஃப்டர், தட்டு, இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவில் உள்ள மூடி, ட்யூன் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். மலிவு வேலை என்று இதைத் தொடங்கக் கூடாது.

எண்ணெய் பிரஷர் குறைந்துவிட்டது

வேலைக்கு முன்பு நன்றாக இருந்து, பிறகு குறைந்தால் நேராகப் பிக்கப் குழாயின் (சம்ப்பிலிருந்து பம்புக்கு எண்ணெய் போகும் குழாய்) ஓ-ரிங்குக்குப் போங்கள். ஆயில் பம்பைக் கழற்றி மாட்டும்போது அது மடங்கி வெட்டுப்படும், பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். சூடான இன்ஜினில் 1,000 ஆர்பிஎம்முக்கு 6, 2,000-க்கு 18, 4,000-க்கு 24 பிஎஸ்ஐ என்பது ஜிஎம் சொல்லும் கீழ் எல்லை. டாஷ்போர்டு முள்ளை நம்பாமல் தனி கேஜ் மாட்டிப் பாருங்கள்.

ஓ-ரிங் நன்றாக இருந்தால் கேம் பேரிங். கேமின் லோப் முனை பேரிங்கைக் கீறியிருக்கும். முன்முனையில் 8 மில்லிமீட்டர் நீளப் போல்ட் மூன்றைத் திருகிக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு, எண்ணெய் தடவி, சுழற்றியபடி நேராக நுழைத்தால் இந்தச் சேதம் வராது. டைமிங் செயின் நல்ல நிலையில் இருந்தால் கிராங்க் பல்சக்கரத்தையும் பம்பையும் தொடாமல் விடுவது குறைந்த பட்ஜெட் வேலைக்கு மிக நல்ல முடிவு.

ஒரே சிலிண்டரில் மிஸ்ஃபயர்

காயிலையும் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் பாருங்கள். கோடு கூடவே நகர்ந்தால் மின்சாரக் கோளாறு. நகராவிட்டால் வால்வு கவரைத் திறங்கள். உடைந்த ஸ்ப்ரிங் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால் புஷ்ராடைக் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள், வளைந்தது தாவும். இரண்டும் இல்லையென்றால் லீக்-டவுன் சோதனை (வால்வுகள் மூடிய நிலையில் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பது): த்ராட்டில் வழியே காற்று சீறினால் இன்டேக் வால்வு, சைலென்ஸர் வழியே என்றால் எக்ஸாஸ்ட் வால்வு வளைந்திருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை

ஸ்ப்ரிங் மாற்றியபோது பழைய வால்வு சீலையே விட்டிருப்பார்கள், அல்லது புதிய சீல் முழுக்க இறங்கியிருக்காது. இந்த இன்ஜினில் சீலும் ஸ்ப்ரிங் உட்காரும் தட்டும் ஒரே பாகம். ஸ்ப்ரிங் செட்டோடு பதினாறு சீலும் சேர்த்து வாங்குங்கள். வால்வின் நுனியில் லாக் பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும், சீலின் உதட்டைக் கிழித்துவிடும். நுனியில் பிளாஸ்டிக் உறை மாட்டி, எண்ணெய் தடவி, பொருத்தமான சாக்கெட்டால் நேராகத் தட்டி இறக்குங்கள். தட்டு ஹெட்டின் மேல் படிந்து ஆடாமல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கி நின்றால் அந்த ஸ்ப்ரிங்கின் உயரமும் சுமையும் கூடவே தவறிப்போகும், ஆகவே சீல் மாற்றிய ஒவ்வொரு வால்விலும் பொருத்திய உயரத்தை மறுபடி ஒருமுறை அளந்துவிட்டே கவரை மூடுங்கள்.